சொட்ட வேண்டிய தண்ணீர்

என் கணவர் போடியிலிருந்து மலைத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். ஏலக்காய்க் காட்டு வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போய், சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். மழையும் பனியுமாக இருக்கும் மாதங்களில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். அவருக்காகத்தான் குளியலறையில் கீசர் மாட்டினோம்.

மாட்டியவர் என் நாத்தனாரின் கணவர், பிளம்பர். எனக்கு அண்ணன் முறை, என் கணவருக்கு மாப்பிள்ளை. வீட்டு மாப்பிள்ளை செய்த வேலையில் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

கீசரோடு ஒரு சின்னப் பித்தளை வால்வு வந்திருந்தது. பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் அதை மாட்டி, சுவிட்சைப் போட்டார். தண்ணீர் சூடேற ஆரம்பித்ததும் வால்வின் பக்கவாட்டு மூக்கிலிருந்து சொட்டியது. கழற்றி, டேப் சுற்றி, மறுபடி மாட்டினார். மறுபடியும் சொட்டியது. "வால்வே சரியில்ல போலருக்கு" என்று முனகிவிட்டு, அந்த மூக்கில் ஒரு சாண் பைப்பைச் சேர்த்து, அதன் நுனியில் ஒரு திருகுக் குழாயைப் போட்டு இறுக்கி மூடினார்.

"இனி ஒரு சொட்டு வந்தா என்னயக் கேளு, தங்கச்சி."

வரவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

சில நாள் கழித்து, கீசர் வாங்கிய கடையிலிருந்து மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டுப் போக வந்தார். குளியலறைக்குள் போனவர் உடனே வெளியே வந்து முதலில் சுவிட்சை அணைத்தார்.

"யாருக்கா அதுல குழாயப் போட்டது?"

"எங்க வீட்டு மாப்ள. ஏன் தம்பி?"

"மொதல்ல கழட்டச் சொல்லுங்க. தண்ணி சூடானா பெருகும். பெருகுற தண்ணி வெளிய போக இருக்கிறது அந்த ஒரு வழிதான். அதையும் அடைச்சா, தாங்குற மட்டும் தாங்கிட்டு டாங்கி வெடிச்சிரும்."

"சூடானா தானா ஆஃப் ஆகிருதே?"

"ஒருநா ஆகாமப் போச்சுன்னா?"

நீங்களே கழற்றிவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "மாப்ள போட்டத நான் கழட்டுனா உங்க வீட்டுல சண்டையாகிரும்க்கா. அவரு வந்து கழட்டுற வரைக்கும் குழாயத் தெறந்தே வைங்க." சிலமலையில் இன்னொரு சோலி இருக்கிறதென்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

நான் குளியலறை வாசலில் நின்று அந்தத் திருகுக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுகினால் கெட்டது, அடைத்தால் நல்லது என்றுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஒழுகாததுதான் ஆபத்து என்று இப்போது ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். பிளம்பர் சொன்னதை நம்புவதா, மெக்கானிக் சொன்னதையா? குழாயைத் திறந்து, அடியில் ஒரு வாளியை வைத்தேன்.

சாயங்காலம் என் கணவர் வாளியைப் பார்த்தார். "மாப்ள மூடி வச்சத ஏன் தெறந்த?"

சொன்னேன்.

"அவன் புது வால்வு விக்கிறதுக்குச் சொல்லியிருப்பான்" என்று மூடினார்.

"ஏங்க, உங்க ஜீப்பு ரேடியேட்டர்ல தண்ணி பொங்குனா போறதுக்கு ஒரு ட்யூப்பு இருக்குல்ல?"

"அது வேற, இது வேற." எப்படி வேறு என்று கேட்டேன். யோசித்தார். துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். சிறிது நேரத்தில் உள்ளே குழாய் திருகும் சத்தம் கேட்டது. திறந்தாரா, இன்னும் இறுக்கினாரா என்று தெரியவில்லை. அவர் வெளியே வந்ததும் போய்ப் பார்த்தால் பாதி திறந்திருந்தது. அவரும் என்னைப் போலத்தான் இருந்தார்.

மறுநாளிலிருந்து சுவிட்சையே தொடவில்லை. அடுப்பில் அண்டாவை வைத்து வெந்நீர் போட்டேன். அதை நாத்தனார் வந்து பார்த்துவிட்டாள்.

"கீசர் இருக்கப்ப இது என்ன மதினி?"

மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. அவள் போய்ச் சொல்ல, அண்ணன் மறுநாள் காலையிலேயே அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காபி வேண்டாம் என்றார். அவருடைய கோபம் அதிலேயே தெரிந்தது.

"சொட்டுறதுக்கா தங்கச்சி கீசர் வாங்குனீக? எத்தன வீட்டுக்கு இப்பிடி மூடிக் குடுத்திருக்கேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே!"

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். எத்தனை வீடு என்று மனதுக்குள் எண்ணியிருப்பார் போல. போனை எடுத்து, பூப்பாறையில் பிளம்பர் வேலை பார்க்கும் மலையாளக் கூட்டாளியைக் கூப்பிட்டார். அங்கே குளிருக்கு வீட்டுக்கு வீடு கீசர். இவர் பாதி சொல்வதற்குள் அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது, எனக்கே கேட்டது. "ஐயோ சேட்டா, அது அடைக்கருது, கேட்டோ! அடைக்கவே கூடாது!"

அண்ணன் போனை வைத்துவிட்டு ஸ்டூலைக் கொண்டா என்றார்.

திருகுக் குழாயை அறுத்தெடுத்தார். வெந்நீருக்கென்று உள்ள பைப்பை வால்வின் மூக்கிலிருந்து சுவரோரமாக நேரே கீழே இறக்கினார். எங்கேயும் மேல்நோக்கி வளைக்கவில்லை. நுனியை மூடாமல், சாக்கடைத் துவாரத்துக்கு மேலே ஒரு கை அகலம் விட்டு நிறுத்தினார். சொட்டினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கொதிநீர் யார் காலிலும் பட்டுவிடக் கூடாது என்றார். சுவிட்சைப் போட்டோம். மூவரும் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டு விழுந்தது. நாத்தனார் கைதட்டிவிட்டு, எதற்குத் தட்டினோம் என்று தெரியாமல் எங்களைப் பார்த்தாள்.

"சொட்டட்டும். நெறைய ஊத்துனா மட்டும் என்னயக் கூப்புடு."

"நெறையன்னா எம்புட்டுண்ணே?"

தலையைச் சொறிந்தார். "சூடேறயில சொட்டுனா சரி. ஆஃப் ஆன பெறகும் நிக்காம ஊத்துனா சரியில்ல." காபியை நின்றபடியே குடித்தார். "வெரசாப் போகணும், குரங்கணியில ரெண்டு வீடு இருக்கு" என்று பையைத் தோளில் மாட்டினார். அன்றும் அடுத்த நாளும், தான் மூடிய குழாய்களையெல்லாம் கழற்றிக்கொண்டு அலைந்ததாக நாத்தனார் பிறகு சொன்னாள். ஒரு வீட்டில் 'நல்லாத்தானே இருந்துச்சு' என்று கழற்ற விடவே மாட்டோம் என்றார்களாம்.

எனக்குக் குழப்பம் தீர்ந்தபாடில்லை. ஒரு நாள் காலையில், சொட்டு விழவேயில்லை என்று குளியலறைக்குள்ளிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். பயந்துபோய் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"உள்ள யாரும் குளிக்கிறாகளா?"

"உங்க மச்சான் குளிக்கிறாரு."

"வெந்நியத் தெறந்து விட்டுக்கிட்டு, சொட்டலைன்னு சொன்னா எப்பிடிச் சொட்டும், தங்கச்சி? பெருகுற தண்ணி அவர் தலயிலதான விழுது!"

புரிந்தது மாதிரி இருந்தது. போனை வைத்த பிறகு மறுபடி புரியவில்லை. அவர் குளித்து வெளியே வந்ததும் உள்ளே போய், சொட்டு விழுகிறதா என்று பைப்பு நுனிக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.