மாமி பூக்களென்று எண்ணிய இலைகள்

அந்தப் புகைப்படத்தில் மாமாவின் வலக்கை அப்பாவின் காரில் ஊன்றியிருக்கிறது. அவருக்குப் பின்னால் ஒரு மேப்பிள் மரம் அடியிலிருந்து நுனிவரை சிவந்து நிற்கிறது. கார் அவருடையதல்ல. மேலங்கி அப்பாவினது, தோள்பட்டையில் அது சற்றுத் தொங்குவதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுகொள்ளலாம். புன்னகைகூட முழுவதும் அவருடையதென்று சொல்ல முடியாது. படமெடுத்தவள் நான். பதினொரு வயதுக்குரிய அதிகாரத்தோடு, "சிரியுங்கோ மாமா, மாமி பாக்கிற படம்" என்று நான்தான் சொன்னேன். அவர் உடனே சிரித்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருமணமாகிப் பதினொரு வாரங்களில் கொடிகாமத்தில் மாமியை விட்டுவிட்டு டென்மார்க்குக்கு வந்தவர். ஹேர்னிங்கில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் தங்கி, அப்பா வேலைசெய்த தையல் தொழிற்சாலையிலேயே பெட்டிகட்டும் பிரிவில் சேர்ந்தார். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் தம் மனைவியை அழைத்துக்கொள்ளச் சட்டத்தில் உரிமை இருந்தது. அந்த உரிமையின்படி மாமா விண்ணப்பம் கொடுத்து ஆறு மாதமாகியிருந்த இலையுதிர்கால விடுமுறையில்தான் நாங்கள் நால்வரும் சில்க்போர்க்குக்குக் காரில் போனோம். ஏரிக்கரைச் சாலை முழுவதும் பீச் மரங்கள் செம்பு நிறமாகியிருந்தன. வெயில் படும் பக்கம் ஒரு நிறமும் நிழலில் இன்னொரு நிறமுமாக அவை மாறிமாறி வந்துகொண்டிருக்க, அப்பா வழக்கத்துக்கு மாறாக மெதுவாக ஓட்டினார். அங்கே டேனியர்கள் வானமலை என்று பெயரிட்டிருக்கும் ஒரு மேடு உண்டு. அரைமணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம்.

"இதுதானோ மலை? இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று அம்மா உச்சியில் நின்று மூச்சுவாங்கியபடி கேட்டார்.

"அக்கா, கீரிமலையை மலை எண்டு சொல்லி வளந்த ஆக்கள் நாங்கள். எங்களுக்கு இது இமயமலை" என்றார் மாமா.

கடலோரத்துக் கேணியைத் தவிர மலையென்று எதுவுமில்லாத கீரிமலையை நினைத்து அப்பா கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். கீழே ஏரி, சுற்றிலும் எரிவதுபோல் காடு. "அடுத்த வருசம் இலை சிவக்கேக்க அவவும் இதில நிப்பா" என்று மாமா சொன்னதும் அங்கேதான். அடுத்த வருடம் நீயும் இங்கே நிற்பாய் என்று மட்டும், அந்தப் படத்தோடு போன கடிதத்தில் எழுதினார்.

டென்மார்க்கிலிருந்து ஊருக்குப் போகும் படங்களுக்கு அந்நாளில் ஓர் எழுதப்படாத இலக்கணம் இருந்தது. ஒரு கார் இருக்கவேண்டும். நல்ல மேலங்கி இருக்கவேண்டும். பின்னால் வடிவான ஏதாவது தெரியவேண்டும். தொழிற்சாலையின் சாப்பாட்டறையையோ, சரிந்த கூரையில் தலை இடிக்கும் மேல்மாடி அறையையோ யாரும் படமெடுத்து அனுப்புவதில்லை. அதைப் பொய்யென்று எவரும் கருதவுமில்லை. ஊரில் இருப்பவர்கள் கவலைப்படக் கூடாதென்ற அக்கறை அது. படத்தின் பின்புறம் மாமா ஊரின் பெயரையும் திகதியையும் மட்டும் எழுதினார். இலைகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பார்த்தாலே விளங்குமென்று நினைத்தார்.

மூன்று மாதம் கழித்து மாமியின் பதில் வந்தது. 'நீங்கள் பூந்தோட்டத்தில் நிற்கும் படம் கிடைத்தது. இவ்வளவு பூக்களுக்கு நடுவே நிற்கிறவருக்கு எங்கள் நினைவு வருவது கஷ்டம்தான் என்று அம்மா சொன்னா.'

மாமா முதலில் சிரித்தார். "பூவாம் அக்கா!"

"பின்னை? கொடிகாமத்தில எந்த மரம் முழுக்க இலை சிவந்து நிண்டது? வாதுமையில நாலு இலை சிவக்கும். மரமே சிவந்தா அது முள்முருக்குப் பூத்ததுதான். நீ வடிவா விளங்கப்படுத்தி எழுது, தம்பி" என்றார் அம்மா.

அவர் எழுதினார். ஆனால் அதற்குள் பூக்கள் மாமியின் மனத்தில் வேரூன்றிவிட்டன. ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. மாமி பக்கத்து ஊர்களுக்கு ஓடிப்போய்த் திரும்பிவந்துகொண்டிருந்தார். அந்த இருப்பிலிருந்து பார்க்கும்போது, பூத்த மரத்தடியில் சிரித்துக்கொண்டு நிற்கும் கணவன் எப்படித் தோன்றியிருப்பான் என்பதை இன்று என்னால் ஊகிக்க முடிகிறது.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, பள்ளியிலிருந்து வந்ததும், மாமாவுக்காக நான்தான் குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பேன். வீட்டில் என் டேனிஷ்தான் பிழையில்லாதது. மறுமுனையில் பேசும் பெண் எப்போதும் மரியாதையாகவே பேசுவார். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, பொறுத்திருக்கவேண்டும். நான் அதைத் தமிழில் சொல்வேன். மாமா அன்றே அதைக் கடிதத்தில் எழுதுவார். மாமி ஒருமுறை கேட்டிருந்தார்: 'ஒரு காகிதத்தைப் பரிசீலிக்க எத்தனை மாரி வேண்டும்? என்னோடு படித்தவர்கள் ஜேர்மனிக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீங்கள் உண்மையிலேயே விண்ணப்பம் கொடுத்தீர்களா?'

அடுத்த ஆண்டு இலைகள் மீண்டும் சிவந்தன. மாமி அங்கே இல்லை. மாமா அதே சாலையில் எங்களை அழைத்துப்போனார், உச்சிக்கு ஏறவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் குனிந்து குனிந்து இலைகளைப் பொறுக்கினார். சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பாதி பச்சையாகவே இருந்தது ஒன்று. பச்சை எப்படிச் சிவப்பாகிறது என்பது வரிசையாக விளங்கவேண்டும் என்றார். ஒரு நீதிமன்றத்துக்குச் சான்றுப்பொருள் சேகரிப்பவரின் முகம் அவருக்கு. என் பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்துக்குள் அவற்றை இரண்டு வாரம் அழுத்திவைத்து, கடிதத்தோடு உறையிலிட்டு அனுப்பினோம்.

நான்கு மாதத்தில் பதில் வந்தது. 'உறைக்குள் கொஞ்சம் தூள் இருந்தது. அம்மா அதை முற்றத்தில் தட்டிவிட்டா. விசா கேட்டவளுக்கு இதைத்தான் அனுப்ப முடிந்ததா?'

அந்தக் கடிதத்தை மாமா மடித்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. ஏற்கெனவே இருந்த மடிப்புகளிலேயே, விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை, மிகுந்த நிதானத்தோடு மடித்தார். அதன்பின் மாமியின் கடிதங்கள் குறைந்தன, பிறகு நின்றன.

அனுமதி வந்தபோது அதைப் பெயர்த்துச் சொன்னவளும் நானே. ஒரு பக்கத் தாள். காலதாமதத்துக்குக் காரணம் எதுவும் அதில் இல்லை. மாமா அன்று வேலைக்குப் போகவில்லை. இரண்டு அறைகொண்ட வீடொன்றை வாடகைக்கு எடுத்து, அம்மாவிடம் கேட்டுக்கேட்டுச் சாமான் வாங்கினார். "எந்தத் திரைச்சீலை அக்கா? அவவுக்கு நீலம் பிடிக்குமோ தெரியேல்லை. பதினொரு கிழமையில நான் அதைக் கேக்கேல்லை" என்றார். மாமியின் பதில் அந்த நீலத் திரைச்சீலைகளுக்குப் பின்னே வந்து சேர்ந்தது. 'வரவேண்டிய காலத்தில் நீங்கள் கூப்பிடவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. அம்மா படுக்கையில். உங்கள்மேல் கோபம் இல்லை. நம்பிக்கைதான் இல்லை.'

சில ஆண்டுகள் சென்றன. நான் உயர்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை, மாமா கையில் டேனிஷ் செய்தித்தாளோடு எங்கள் சமையலறைக்குள் வந்தார். அந்த வாரம் நாடு முழுவதும் அதே பேச்சாக இருந்தது. மேசையில் தாளை விரித்து, "வாசி பிள்ளை. ஒண்டும் விடாமல் வாசி" என்றார்.

வாசித்தேன். இலங்கைத் தமிழரின் குடும்ப விண்ணப்பங்கள் சட்டத்துக்கு மாறாக வேண்டுமென்றே நிறுத்திவைக்கப்பட்டிருந்தன என்று அது சொன்னது. மேலிடத்தின் விருப்பம் அது. நான் தொலைபேசி எடுத்த அத்தனை திங்கட்கிழமைகளிலும் அங்கே பரிசீலனை எதுவும் நடக்கவில்லை.

மாமா தாளைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்ப நான் பொய் சொல்லேல்லை எண்டு இதில கிடக்கோ?"

"உங்கட பேர் இதில இல்லை மாமா."

"வாயைப் பொத்தடி! பெரிய சட்டத்தரணி" என்று அம்மா சீறினார்.

"விடுங்கோ அக்கா. பிள்ளை உள்ளதைத்தான் சொல்லுது" என்ற மாமா என் பக்கம் திரும்பினார். "இதை முழுக்கத் தமிழில எழுதித் தா. நான் அவவுக்கு அனுப்பப்போறன். ஒரு இடத்தில மட்டும் என்ர பேரையும் போட்டுவிடன். அவவுக்கு டேனிஷ் தெரியாதுதானே."

நான் மறுத்தேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்றேன். அப்போதே மொழிபெயர்ப்பில் எனக்கொரு கர்வம் இருந்தது. என்னிடம் அவர் தம் வாழ்நாளில் கேட்ட ஒரே பொய் அது. ஒருவகையில் பொய்யும் அல்ல. அப்படி நிறுத்திவைக்கப்பட்டவற்றுள் அவருடைய விண்ணப்பமும் ஒன்று என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. ஆயினும், அச்சில் இல்லை என்பதற்காக மறுத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. இரண்டு சனிக்கிழமைகள் செலவிட்டு, ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல் பெயர்த்துக் கொடுத்தேன்.

ஊருக்கான பாதைகள் மூடியிருந்த காலம் அது. பத்து மாதத்தின் பின், கொழும்புவரை வந்த ஒருவரின் கைவழியாகப் பதில் கிடைத்தது. 'படித்தேன். நம்புகிறேன். உங்களைச் சந்தேகித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த நாட்களில் வர ஆசைப்பட்டவள் இப்போது என்னிடம் இல்லை. நீங்கள் அங்கே ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள்.'

அவர் தேடவில்லை. ஓல்போர்க்குக்குப் போய் மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் சேர்ந்தார். மாமி அவர் பெயரில்லாத தாளையே நம்பிவிட்டார் என்பது என்னைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவேண்டும். பெயர் இருந்திருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். மாமா ஆறாண்டுகள் போராடிப் பெற விரும்பிய நம்பிக்கை கிடைத்தது. கிடைத்தபோது அதனால் ஆகக்கூடியது எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இலக்கியம் படிக்கிறவள் என்பதால் இதற்கொரு பொருள் கண்டுபிடிப்பேன் என்று என் தோழிகள் எதிர்பார்க்கிறார்கள். நான் தேடிப் பார்த்தேன். இல்லை.

சென்ற ஒக்டோபரில் மாமாவைப் பார்க்கப் போனேன். எனக்குச் சாரதிப் பத்திரம் கிடைத்திருந்தது. அப்பாவின் புதிய காரில் அவரை ஏற்றிக்கொண்டு, ஓல்போர்க்குக்குத் தெற்கேயுள்ள ரோல்ட் காட்டின் ஊடாக ஓட்டினேன். மரங்கள் உச்ச நிறத்தில் இருந்தன. காற்று வீசும்போதெல்லாம் சாலையின் குறுக்கே இலைகள் கூட்டமாக ஓடின. ஒரு வளைவு தாண்டியதும், பல மாதங்களாக ஒத்திகை பார்த்திருந்ததைச் சொன்னேன்.

"அண்டைக்கு உங்கட பேரைப் போட்டிருக்கலாம் மாமா."

"போட்டிருந்தா அவ பிடிச்சிருப்பா" என்றார் அவர். "அவ ரீச்சர். பிள்ளையள் ஒரு சொல்லைக் களவாச் செருகினாலும் உடன பிடிப்பா." அவர் குரலில் மெல்லிய பெருமையொன்று இருந்தது.

சற்றுத் தொலைவில், காட்டைப் பார்த்து நிற்பதற்கென்று சாலையோரத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை மரத்தடியில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தன. நான் வேகத்தைக் குறைத்து, திரும்பும் விளக்கைப் போட்டேன்.

"நிப்பாட்டாத பிள்ளை. ஓட்டிக்கொண்டு போ."

போனேன். காடு முடியும்வரை அவர் சன்னலின் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஒரு மரத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டுதான் வந்தார். நிறுத்தத்தான் விடவில்லை.