கண் திறந்திருந்த புத்தர்

எனக்கு அப்போது எட்டு வயது. மட்டாஞ்சேரியில் அன்று பந்த். அப்பாவின் தங்கையான என் அத்தை வேலை பார்த்த சுக்குக் கோடவுனுக்கு லீவு, எனக்கும் பள்ளிக்கூடம் இல்லை. விடிந்ததும் அத்தை தலைக்குக் குளித்தாள், என் சடையை வலிக்க வலிக்கப் பின்னினாள். "வா, புத்தர் கோயிலைத் தேடிப் போகலாம்" என்றாள்.

அத்தையின் புருஷன் சிலோனுக்குப் போய் நாலு வருஷம். அங்கேயிருந்து ஒரே ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். சம்மணமிட்டுக் கண்மூடி உட்கார்ந்த வெள்ளைச் சாமி, அதன் முன்னால் மாமா. இப்போது ஒரு கடிதாசு வந்திருந்தது. எங்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்புகிறார்கள், வந்தாலும் வருவேன் என்று. அதை மடியிலேயே வைத்திருந்தாள் அத்தை.

"அவர் இருக்கிற கரை அந்தச் சாமியோடது. அதுகிட்டத்தான் ஒரு காரியம் சொல்லணும்" என்றாள்.

"போயிட்டு வா, புருஷன் நல்லபடியா வந்து சேரட்டும்" என்று அம்மா வாசல்வரை வந்து அனுப்பினாள்.

பஜாரில் ஒரு கடை திறக்கவில்லை, ஒரு கைவண்டி ஓடவில்லை. மிளகு மணம் மட்டும் எங்களோடு நடந்து வந்தது. எங்கள் காலடிச் சத்தம் பூட்டிய பலகைகளில் பட்டுத் திரும்பி, பின்னால் யாரோ வருகிற மாதிரி கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை பார்க்கவில்லை.

கொங்கணிக் கோயில் முக்கில் சைக்கிளில் சாய்ந்திருந்த ஒரு சேட்டனிடம் வழி கேட்டோம். சிரித்தான். "இன்னு பந்தல்லே சேச்சி, புத்தனும் லீவாயிரிக்கும்!"

யூதர் தெருவில் ஒரு ஜன்னலண்டை கேட்டோம். உள்ளேயிருந்து முகம் தெரியாத ஒரு கிழக்குரல் மட்டும் வந்தது. "இவிடெ விக்ரகமில்லா மோளே. குஜராத்தி அம்பலத்தில் போயி நோக்கு."

உச்சிவெயிலில் அந்தக் குஜராத்திக்காரர்களின் வெள்ளைக் கோயிலைப் பார்த்தோம். கூரை முழுக்கப் புறாக்கள். ஒன்றுகூடக் குனுகவில்லை. உள்ளே தரை ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக் கட்டிய ஆட்கள் சத்தமில்லாமல் நடமாடினார்கள். மூச்சுக்காற்று சாமிமேல் படக்கூடாதாம். போட்டோவில் இருந்த அதே சாமி, அதே சம்மணம். ஆனால் கண் திறந்திருந்தது. கண்ணாடிக் கண். நான் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன், அது அங்கேயும் என்னைப் பார்த்தது. எனக்குப் படிப்பு நாலாம் கிளாஸோடு சரி. ஆனால் கண்ணால் கண்டதை மாற்றிச் சொல்கிறவள் இல்லை நான்.

பூசாரி வாய்த்துணியை இறக்கினார். "இது புத்தனல்லா, ஞங்ஙள்டெ பகவான். சோதிச்சிட்டு காரியமில்லா. ஆர்க்கும் ஒண்ணும் தரில்ல." கேட்டுப் பிரயோசனமில்லை, யாருக்கும் எதுவும் தராதாம்.

"தர வேண்டாம். காதுல வாங்கினா போதும்" என்றாள் அத்தை.

கை கூப்பினாள். இடது கை அவளுக்கு நேராக வராது. மாமா ஊரில் இருந்த நாளில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என்று வீட்டில் சொல்வார்கள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. இப்படி முணுமுணுத்தால் கடல் தாண்டி எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தவிப்பாகிவிட்டது.

"சாமி, எங்க மாமாவைச் சீக்கிரம் அனுப்பு!" என்று கத்தினேன்.

அனுப்பு, அனுப்பு என்று மண்டபம் திருப்பிச் சொன்னது. வெளியே புறாக்கள் மொத்தமாக எழும்பின. அவற்றின் நிழல் தரைமேல் ஓடி, சாமியின் முகத்தைக் கடந்து போனது. அத்தையின் கை என் வாயைப் பொத்தியது. சுக்கு வாடை அடித்த, சில்லிட்ட விரல்கள். வாயை மூடுவது அந்தக் கோயில் வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். தெருவுக்கு வந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

பத்தாம் நாள் மாமா தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். புத்தரே அல்லாத சாமிகூட என் பேச்சைக் கேட்டதென்று, ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னேன். திரும்பி வந்தபோது அத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"ஏன்டி அப்படிக் கத்தினே?" என்றாள் மெதுவாக.

"சாமிக்குக் கேக்கணும்ல, அத்தை?"

"நல்லாக் கேட்டுடுச்சு" என்றாள். முன்னறையிலிருந்து மாமா கூப்பிட்டார். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

என்னை மெச்சுகிறாள் என்றுதான் நினைத்தேன்.