நின்று நின்று ஓடிய கார்

என் கணவர் வேலை செய்த நிலாவெளி ஹோட்டலை மூடியபோது, அங்கே அலுவலகத்தில் இருந்த பழைய கொம்பியூட்டரை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். போர் மறுபடி தொடங்கியிருந்த காலம். ஹோட்டலில் அவரோடு வரவேற்பு மேசையில் இருந்த நண்பர் ஒருவர் தலைமயிர் வெட்டப் போனார். திரும்பி வரவில்லை. சந்தியில் ஆள் பிடிக்கும் வெள்ளை வான் ஒன்று நின்றது என்று மட்டும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு இருந்தது ஒரே கவலை. இவர் வீட்டுக்குள் இருக்க வேண்டும். நான் சொல்லி அவர் இருந்திருக்க மாட்டார். அவரை இருக்க வைத்தது கொம்பியூட்டரில் இருந்த கார்ப் பந்தய கேம். காலையில் தேநீரோடு உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் ஓடுவார். முப்பத்தாறு வயது மனிதர், வளைவு வரும்போது உடம்பையும் சேர்த்துச் சாய்ப்பார். நான் குசினியில் நின்றாலும் அந்தக் கார்ச் சத்தம் கேட்டபடி இருந்தால் போதும்.

ஒரு நாள் கார் நின்று நின்று ஓடத் தொடங்கியது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துவிடும். பெட்டியின் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும். உள்ளே கறக், கறக் என்று சத்தம். மறுபடி அசையும்போது கார் மதிலில் மோதிக் கிடக்கும்.

ஹார்ட் டிஸ்க் பழசு என்றார் இவர். துறைமுகத்தில் கடற்படை தண்ணீருக்குள் வெடி போடும்போது வீட்டுத் தரை அதிரும். அதனால் இருக்குமோ என்று பெட்டியைத் தூக்கிக் கதிரையில் வைத்தார். பாட்டுகளை அழித்தார், ஹோட்டல் படங்களை அழித்தார். ஊரடங்கு போட்ட ஒரு பகல் முழுவதும், டிஸ்க்கில் சிதறிக் கிடப்பவற்றை ஒழுங்குபடுத்த விட்டுவிட்டு, திரையில் நீலமும் சிவப்புமாக இருந்த கோடுகள் இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் கேமைப் போட்டார். முன்பைவிட மோசம்.

அவர் எழுந்துபோய் வாசலில் நின்றார். அடுத்த நாள் படலையடியில். அதற்கடுத்த நாள் சந்தி வரை போய்விட்டு வந்தார். நான்காம் நாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்.

“நான் கொண்டு போறன்” என்றேன்.

“நீரோ? மீன்காரனிட்ட விலை கேக்கவே என்ர முதுகுக்குப் பின்னால நிக்கிற ஆள். கடையில போய் என்ன கதைப்பீர்?”

“கதைக்கத் தேவையில்லை. எழுதித் தாங்கோ, குடுக்கிறன்.”

சிரித்தார். ஆனாலும் எழுதித் தந்தார். இராணுவத்தினர் பெண்களை அவ்வளவாக மறிக்க மாட்டார்கள் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். பத்து மணிக்குள் வந்துவிடுவேன், அதுவரை படலையைத் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

பிழை விட்டது நான்தான். டிஸ்க் உள்ளங்கை அளவு, நல்ல பாரம். கையில் தெரியக் கொண்டுபோனால் வழியில் இருக்கும் இராணுவச் சோதனைச் சென்றியில் கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும். அதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. ஆகவே பழைய துவாய் ஒன்றில் இறுக்கிச் சுற்றி, பையின் அடியில் வைத்து, யாருக்கோ கொடுக்கப் போவதுபோல மேலே முருங்கைக்காய்களை அடுக்கி, சைக்கிளில் புறப்பட்டேன்.

சென்றியில் பெண்களைச் சோதிப்பவள் முருங்கைக்காயைத் தூக்கினாள். துவாயை அமத்திப் பார்த்தாள். பையை மெல்ல நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். பைக்கு முன்னால் நான் மட்டும் நின்றேன்.

“மே மொக்கத?” இது என்ன என்று தூரத்தில் நின்ற ஒருவன் சிங்களத்தில் கேட்டான். கொம்பியூட்டர் என்ற சொல் எந்த மொழியிலும் ஒன்றுதான். அதுகூட என் வாயில் வரவில்லை. என்னை மண்மூட்டைக்கு அருகே இருத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட சாமான்கள் விளங்கக்கூடிய அதிகாரி ஒருவர் வந்து, துவாயைப் பிரித்து, டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்து, “ஏன் ஒளிச்சது?” என்று தமிழில் கேட்டார். வெட்கத்தில் என்றேன். என்னைப் போகவிடும்போது மணி பத்தரை.

வீட்டுக்குத் திரும்புவோமா என்று யோசித்தேன். அன்று போன்களும் வேலை செய்யவில்லை. ஆனால் திருத்தாமல் கொண்டுபோனால் நாளைக்கு இவர் போவார். சைக்கிளைக் கடைப்பக்கம் விட்டேன்.

கடைக்காரத் தம்பி இவர் எழுதித் தந்த துண்டை வாசித்துவிட்டு, டிஸ்க்கைத் தன்னுடைய கொம்பியூட்டரில் பூட்டிப் பார்த்தான். அங்கே அது நிற்காமல் ஓடியது. “கிழட்டு டிஸ்க்தான் அக்கா. ஆனா இன்னும் சாகேல்ல. உங்கட கேபிள்தான் பழுது போல” என்றான். பிழை திரும்பத் திரும்ப வந்தால் கொம்பியூட்டர் பயந்து மெதுவாகப் போகத் தொடங்குமாம். கேபிளை மாற்றினாலும் அந்தப் பயம் போகாதாம், அதைத் தனியாக அழிக்க வேண்டுமாம். அகலமான நாடா போன்ற புதுக் கேபிள் ஒன்றைத் தந்து, எங்கே போய் எதை அழிப்பது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினான். அவன் எழுதி முடிக்கும்வரை நான் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரும்போது டிஸ்க்கைப் பையின் மேலேயே வைத்தேன்.

சென்றியின் ஓரத்தில் ஐந்தாறு ஆண்கள் வெயிலில் குந்தியிருந்தார்கள். அவர்களுடைய அடையாள அட்டைகள் ஒரு மேசையில் கிடந்தன. கடைசியாகக் குந்தியிருந்தவர் இவர். வீட்டில் உடுக்கும் சாரத்தோடு வந்திருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். கண்டதாகக் காட்டாமல் போ என்று அதற்கு அர்த்தம்.

நான் போகவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு, காலையில் என்னை விட்ட அதே அதிகாரியிடம் போனேன்.

“ஐயா, இவர் என்ர மனுசன். என்னைத் தேடித்தான் வந்தவர். காலமை என்னை மறிச்சு வச்சது நீங்கள்தானே.”

கடைசி வசனம் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு கையால் என் பையை மூடிப் பிடித்துக்கொண்டு, இதற்குள் என்ன இருக்கிறது என்று இவரிடம் கேட்டார்.

“ஹார்ட் டிஸ்க்.”

“என்ன வேலைக்கு?”

இவர் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் குந்தியிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நேரம் போகப் போக அந்தக் கேள்வி சந்தேகமாக மாறுவது எனக்குத் தெரிந்தது. சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன்.

“கேம் விளையாட” என்றார் இவர் நிலத்தைப் பார்த்தபடி. “கார் ஓடுற கேம்.”

சோதிக்கும் பெண் முதலில் சிரித்தாள். பிறகு துவக்கோடு நின்றவனும் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. மேசையிலிருந்த அட்டைகளில் இவருடையதைத் தேடியெடுத்து நீட்டினார். மற்றவர்கள் அங்கேயே குந்தியிருந்தார்கள். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. பிறகு விசாரிக்கவும் இல்லை.

பதினொரு மணி வரை பொறுத்தேன், அதற்கு மேல் ஏலாமல் போய்விட்டது என்று வழியில் ஒரு தரம் சொன்னார்.

வீட்டில் அவர் கொம்பியூட்டர்ப் பக்கமே போகவில்லை. நான்தான் தாளைப் பார்த்துப் பார்த்து டிஸ்க்கையும் புதுக் கேபிளையும் பூட்டினேன். பிழை விட்டுவிடுவேனோ என்று பயந்து, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டபடி, அழிக்கச் சொன்னதை அழித்தேன். நிறுத்தி மறுபடி போட்டேன். சிவப்பு விளக்கு மினுங்கி அணைந்தது.

“வந்து இருங்கோ” என்றேன்.

வந்து இருந்தார். கார் கிளம்பியது. நான் கதிரைக்குப் பின்னாலேயே நின்றேன். படம் ஓரிடத்திலும் உறையவில்லை. ஆனால் ஒழுங்கையில் ஏதாவது வாகனச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவரே காரை நிறுத்தினார். சத்தம் எங்கள் படலையைத் தாண்டிப் போகும்வரை இரண்டு பேரும் மூச்சு விடாமல் இருந்தோம். பிறகு ஓடினார்.