அடுத்த ஸ்டேஷனில் இறங்கியவள்

வீரலட்சுமிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோயில் பக்கம். கல்யாணமான கையோடு கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தவள். கணவன் பிச்சை ஒரு கம்பெனியின் மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினான். அவள் அந்தக் கம்பெனி மானேஜர் ராமபத்ரன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். மூன்று வயது அனந்திக்கு அவள் ஊட்டினால்தான் சோறு இறங்கும். அதனால்தான் 1982-இல் ராமபத்ரன் வியாபார விஷயமாகக் குடும்பத்தோடு பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்துக்குப் புறப்பட்டபோது, அவளுக்கும் பாஸ்போர்ட் எடுத்தார்கள்.

ராமபத்ரன் ஏற்கெனவே ஒரு தடவை அங்கே போய்ப் பர்ஸைப் பறிகொடுத்தவர். மனைவி ஸ்வர்ணலதாவையும் வீரலட்சுமியையும் எதிரில் நிறுத்திச் சொன்னார்.

"கழுத்துல, காதுல பொன்னு ஒண்ணும் வேண்டாம். சட்டையில அழுக்குன்னு ஆராவது துடைக்க வந்தா நிக்கப்படாது. ஒருத்தன் துடைப்பான், மத்தவன் பையை எடுப்பான். பிடுங்கினா விட்டுடணும். தெரியாதவா தந்தா வாயில வைக்கப்படாது, மயக்க மருந்து கலப்பா. கேட்டியா?"

தன் வீட்டில் தாலிச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டே பிச்சையிடம் கேட்டாள்.

"வரலைன்னு சொல்லிரட்டா?"

"கல்ஃபுக்கு எத்தன சேட்டன்மாரு போயி வாராங்க. போயிட்டு வாட்டி," என்றான் பிச்சை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சாவோ பாவ்லோவில் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கைகளையே பார்த்தாள். எந்தக் கை எப்போது நீளுமோ என்று அனந்தியை இடுப்பில் இறுக்கிக்கொண்டே நடந்தாள்.

தரைக்கடியில் ஓடும் ரயிலில் ஏறப் போன அன்று, கூட்டம் அவளையும் இடுப்பிலிருந்த அனந்தியையும் உள்ளே தள்ளியது. பின்னால் வந்த ராமபத்ரனும் ஸ்வர்ணலதாவும் ஏறுவதற்குள் கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடியில் ஸ்வர்ணலதாவின் உள்ளங்கை தெரிந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

ஓட்டலின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. கத்தினால் தனியாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். குழந்தையைப் பிடுங்கினால்? பிடுங்கினால் விட்டுவிடச் சொன்னாரே, அது பைக்குத்தானே?

வண்டி போகப் போகப் பெற்றவர்களைவிட்டுத் தூரமாகத்தானே போகிறோம் என்று தோன்ற, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள். சுவரோரம் தரையில் உட்கார்ந்து முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டாள். வண்டிகள் வந்தன, போயின. அவர்கள் வரவில்லை.

"பசிக்கறது," என்று அனந்தி அழ ஆரம்பித்தாள்.

தலையில் துணி கட்டிய வயதான பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள். வீரலட்சுமி வேண்டாமென்று தலையசைத்தாள். குழந்தை வீறிட்டது. கடைசியில் வாங்கி, முதலில் தான் மென்று விழுங்கினாள். தான் மயங்கி விழுந்தால் குழந்தை யார் கையில் போகும் என்பது விழுங்கிய பிறகுதான் உறைத்தது. அவசர அவசரமாக அனந்தியின் கவுனைத் தன் முந்தானையோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் குழந்தைக்கு ஊட்டினாள்.

ராமபத்ரனும் ஸ்வர்ணலதாவும் அவள் வண்டியிலேயே இருப்பாள் என்று நினைத்துக் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் தேடிவிட்டு, ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஸ்வர்ணலதா குழந்தையை வாரி எடுத்தபோது முடிச்சு இழுத்தது. குழந்தையின் வாயோரம் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது.

"ஆரு தந்தா? தின்னக் கொடுத்தியா நீ?"

"நான் தின்னு பாத்துட்டுத்தாம்மா கொடுத்தேன்."

ஸ்வர்ணலதா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த வயதான பெண் தன் வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

ஊர் திரும்பும்வரை வீரலட்சுமி அறையைவிட்டு வெளியே வரவில்லை. மட்டாஞ்சேரியிலும் பயம் விட்டபாடில்லை. எதிர்க்கரை எறணாகுளத்துக்குப் படகில் போனால்கூடப் பிச்சையின் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

சில வருஷம் கழித்து, பக்கத்து வீட்டுப் பேச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகுமுன் அவளிடம் வந்தாள்.

"தங்குற எடத்துப் பேர எழுதி வாங்கி ரவிக்கைக்குள்ள வச்சுக்கோ," என்றாள் வீரலட்சுமி. "கூட்டத்துல பிரிஞ்சா அடுத்த எடத்துல எறங்கி அங்ஙனயே நில்லு. அங்க இங்க ஓடாத."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்."

பேச்சியை வழியனுப்பத் தெருவே ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனது. வீரலட்சுமி மட்டும் போகவில்லை.