கத்தாத பிரேக்

மெக்கானிக்கிடம் போய் வந்த மகன், "இப்ப பிரேக் கத்தலம்மா, ஏறு" என்றான். காருக்குள் வைத்த காலை வெளியே இழுத்துக்கொண்டேன்.

அப்பா அரியலூரில் வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டினார். தெருமுனையில் பிரேக் கிறீச்சிடும். அதைக் கேட்டபிறகுதான் அம்மா உலையில் அரிசி போடுவாள். நான் ஆறாவது படிக்கும்போது, திருமழபாடிக் கல்யாணத்துக்கு வண்டி பேச வந்த பெரியவர், "பொண்ணு ஏறுற வண்டி இப்படி ஒப்பாரி வைக்கக் கூடாதுய்யா" என்று முகம் சுளித்தார்.

அப்பா சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். "பிரேக் லைனிங் தேஞ்சு உள்ள இருக்குற ஆணி ஒரசுது. திருச்சி போயித்தான் மாத்தணும்" என்றார். கல்யாணமோ மறுநாள். என் பக்கம் திரும்பி, "வெளக்கெண்ணெய எடுத்தா பாப்பா" என்றார். நான்தான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். துணியை அதில் நனைத்து உள்ளே தடவினார். சத்தம் அடியோடு நின்றது. "பாத்தியா, பட்டு மாரி இருக்கு" என்று சிரித்தார்.

மறுநாள் கொள்ளிடக் கரைச் சரிவில் வண்டி சத்தமில்லாமல் இறங்கியது, எண்ணெயில் பிரேக் வழுக்கி நிற்கவே இல்லை. பெண்ணும் மற்றவர்களும் காயத்தோடு பிழைத்தார்கள். அப்பா பிழைக்கவில்லை. அன்று சாயங்காலம் அம்மா அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்ததில் உலைத் தண்ணீர் சுண்டிப்போனது. அதோடு என் படிப்பும் நின்றது.

"எதப் போட்டுச் சத்தத்த நிறுத்துனாங்கன்னு கேட்டியாடா?" என்றேன்.

"கேக்கலியேம்மா."

சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.