டிவியில் சொன்ன செருப்புக் கணக்கு

அந்த யோசனை ஒரு ஜோடி ரப்பர் செருப்பிலிருந்து வந்தது.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணை வீடு. வேட்பாளர்களுக்குப் பிரச்சார வியூகம் வகுத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் நான் சேர்ந்த புதிது. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் 'உங்கள் ஓட்டு யாருக்கு' என்ற ஒரே கேள்வி. பண்ணைக்காரர் காபி கொடுத்து உட்கார வைத்து, "இதென்னங்க கேள்வி, உங்களுக்குத்தானுங்க" என்றார். எங்கள் வேட்பாளருக்கு என்று நான் பச்சைக் கட்டத்தைத் தட்டினேன். அன்று காலையிலிருந்து எல்லா வீட்டிலும் பச்சைதான். வெறுங்காலோடு வாசற்படி வரை வந்து கைகூப்பினார். "போயிட்டு வாங்க அம்முணி."

கார் கிளம்பவில்லை, எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். பண்ணைக்காரரிடமிருந்து அவருக்குக் காபி இல்லை, "வாங்க" கூட இல்லை. "ஏன்டா, இத்தன வருசமா எங்க ஊடு கண்ணுக்குத் தெரியலையா? தண்ணிக்கு லாரி லாரியா காசு கொட்டறோம், எட்டிப் பாத்தயா நீ?" வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டே நோட்டீசைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். பண்ணைக்காரர் படியோரம் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, திட்டியபடியே தார் ரோடு வரைக்கும் கூடவே நடந்தார். அங்கேயும் மொபெட்டின் கைப்பிடியை விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

டேப்லெட்டைப் பார்த்தேன். பச்சை. செருப்பைப் பார்த்தேன். எனக்குக் குபீரென்று வியர்த்தது.

நானும் நாமக்கல்காரிதான். எங்கள் வீட்டிலும் யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க" என்றுதான் அனுப்புவோம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது இந்தப் பக்கம் அசிங்கம். இது தெரிந்தும், கோயம்புத்தூரில் நாலு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து, வாயில் வருவதை அப்படியே டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேண்டாதவரிடம் வாய் மரியாதைக்குப் பேசுகிறது, வேண்டியவரைத்தான் உரிமையோடு திட்டுகிறது. கால்தான் மனசு இருக்கும் பக்கம் போகிறது. அதை எண்ணினால் என்ன?

சென்னையில் இருந்த மேலதிகாரிக்கு உடனே போன் போட்டேன். "செருப்பை எக்செல் ஷீட்ல எங்கம்மா போடுறது?" என்று சிரித்தார். நான் விடவில்லை. கேள்வியே கேட்காமல் வீடு வீடாகப் போய், பேசிவிட்டு, கிளம்பும்போது மட்டும் கவனித்தேன். படியோடு நின்றவர்கள் சிவப்பு, செருப்பு மாட்டிக்கொண்டு வந்தவர்கள் பச்சை. முதியவர், முடியாதவர், கைவேலையாக இருந்தவர் எல்லாரையும் கழித்துவிட்டேன். நிறுவனத்தின் வரைபடம் முழுக்கப் பச்சையாக இருந்த ஊர்களில் என் வரைபடம் சிவந்து கிடந்தது.

வேட்பாளரிடம் காட்டினேன். "ஏங்கண்ணு, என்னையும் செருப்பையும் ஒண்ணா வெச்சுப் பேசறயா?" என்று எகிறினார். ஆனால் மறுநாளிலிருந்து கொடியும் கூட்டமும் இல்லாமல், நான் சிவப்புக் குறி போட்ட ஊர்களுக்குத் தனியாகப் போய் உட்கார ஆரம்பித்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் எந்த வீட்டை விட்டும் எழுந்திருக்கவில்லை. ஜெயித்தார், மயிரிழையில். செருப்பால்தான் ஜெயித்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தச் சூட்டிலேயே ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்குக் கூப்பிட்டார்கள். மூத்தவர்கள் மூன்று பேர் 'அலை' பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அலை அடிக்கிறது, அலை ஓய்ந்துவிட்டது, அடியில் ஒரு அலை ஓடுகிறது. கடைசி நாற்காலியில் நான். என் முறை வந்ததும் மூச்சு விடாமல் செருப்புக் கதையைச் சொல்லி முடித்தேன். நெறியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் துண்டு வீடியோ வாட்ஸ்அப்பில் ஓடியது. நிறுவனத்தை விட்டேன், அரசியல் விமர்சகர் ஆனேன். அம்மா மட்டும் ஒவ்வொரு விவாதம் முடிந்ததும் போன் பண்ணி, "பேசுனதெல்லாஞ் செரி, கழுத்துல ஒரு செயினாச்சும் போட்டுட்டு உக்காரக் கூடாதா?" என்பாள்.

இப்போது அடுத்த தேர்தல். கணிப்பு நிகழ்ச்சி அடுத்த வாரம். என் பெயரைப் போட்டே விளம்பரம் ஓடுகிறது. போன வாரம் ராசிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவுக்குப் போனேன். முதல் வீட்டில் பேசிவிட்டு எழுந்தேன். அந்த வீட்டு அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க, இருங்க அம்முணி. செருப்பு போட்டுக்கறேன். இல்லீன்னா எங்க ஊட்டுல ஓட்டு இல்லீன்னு டிவில சொல்லிப்போடுவீங்க."

"அக்கா, சும்மா இருந்தாலே போதுங்கக்கா."

"அதெப்படிங்க? ரெண்டு கட்சிக்காரங்களும் வந்து சொல்லிட்டுப் போயிருக்கறாங்க, யாரு வந்தாலும் செருப்பப் போட்டுட்டு ரோடு வரைக்கும் போயி அனுப்பி வெய்யுங்கன்னு."

தெருவே செருப்போடு வாசலில் நின்றது. எதிர் வீட்டிலிருந்து ஒருவர், "ஏனுங்க அம்முணி, பிஞ்ச செருப்புன்னா அரை ஓட்டுங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? காரில் ஏறியபோது அத்தனை பேரும் தார் ரோட்டில் நின்று கையாட்டினார்கள். அதில் யார் ஓட்டு யாருக்கு என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

என் கையில் இருந்தது அது ஒன்றுதான். மற்ற விமர்சகர்களுக்கு அனுபவம் உண்டு, தலைவர்களைத் தெரியும், போன் போட்டால் எடுப்பார்கள். எனக்கு வாசல் மட்டும்தான் தெரியும். அந்த வாசலை நானே ஊருக்கெல்லாம் ஒளிபரப்பிவிட்டேன். அன்றிலிருந்து உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. நேற்று விவாதத்தில் திடீரென்று என் வாயிலிருந்தே வந்தது: "ஒரு அலை இருக்கிறது." பக்கத்தில் இருந்த பெரியவர் பெருமையாகத் தலையாட்டினார். இன்னும் நாலு மாதம் இப்படிப் போனால் நானும் அந்த வரிசையில் ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

விவாதம் முடிந்து வெளியே வந்ததும் தயாரிப்பாளர் பிடித்துக்கொண்டார். "மேடம், செருப்பு மாதிரியே புதுசா ஒண்ணு வேணும். ஸ்பெஷல் ஷோல நீங்களே சொல்லணும்."

"கண்டுபிடிச்சா முடிவை மட்டும் சொல்றேன் சார். எப்படின்னு சொல்ல மாட்டேன்."

"அதைச் சொன்னாத்தானே மேடம் ஷோவே?"

"சொன்னா அடுத்த ஷோ இருக்காது சார்."

"ஒரு வாரம் டைம். ஆனா எந்தக் கட்சிக்கு எத்தனை தொகுதின்னு எனக்கு நம்பர் வேணும்."

"எல்லாத் தொகுதிக்கும் முடியாது. ஒண்ணே ஒண்ணு."

"எது?"

"ஆத்தூர்." வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு சரியென்றுதான் பட்டது. சேலத்தைத் தாண்டிக் கிழக்கே போகப் போகப் பேச்சு மாறுகிறது, எங்கள் பக்கத்து மரியாதை 'ங்க' மெலிந்துகொண்டே போகிறது. அங்கே பிடிக்காதவரை எப்படி அனுப்பி வைக்கிறார்கள், பிடித்தவரிடம் எதை மறைக்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. நாமக்கல்காரி என்ற திமிரோடு போய் நிற்க முடியாத இடம்.

நாளைக் காலை சேனல் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன். ஆத்தூருக்கு முன்னால் ஏதாவது ஒரு நிறுத்தத்தில், மரவள்ளிக்கிழங்கு மூட்டை இறங்கும் ஜவ்வரிசி ஆலை, சேகோ மில் பக்கம் இறங்கிக்கொள்ளலாம். முதல் நாள் முழுக்கத் தேர்தல் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. பேசுகிறவர்களைப் பேச விட வேண்டும். என்னால் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.