பரளச்சி வழியே நரிக்குடிக்கு, மடியில் ஒரு கைபேசியுடன்

பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்பே போய்த் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில், காலை ஏழேகாலுக்கு அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தின் எதிரிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டோம். கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய்; ஓட்டுநருக்குச் சாப்பாடு தனி. ஓட்டுநர் காதர், துபாயில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். பின்னிருக்கையில் எங்கள் கல்லூரியின் மாணவர் நலன் அலுவலர் தேன்மொழி; வயது இருபத்தெட்டு. அதே கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது நிர்வாகக் குழுவுக்கு ஆலோசகராக இருக்கும் நான் முன்னிருக்கையில்.

செல்ல வேண்டிய வீடுகள் இரண்டு. பரளச்சியில் கவிதா என்ற மாணவியின் தந்தை நான்கு நாள்களுக்கு முன் இறந்திருந்தார். துக்கம் விசாரிக்க வேண்டும். நரிக்குடியில் ரேவதி என்ற மாணவியின் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைக்க ஏற்பாடு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அன்று மாலை வருவதாக இருந்தது. அதற்குள் பெற்றோரிடம் பேசிவிட வேண்டும்.

இவற்றைத் தவிர எனக்கு வேறொரு பொறுப்பும் இருந்தது. மாணவர்களுக்கு மன ஆலோசனை வழங்குவதற்கான ஆறு வாரப் பயிற்சிக்குத் தேன்மொழி தேர்வாகியிருந்தார். கோயம்புத்தூருக்குச் செல்ல வேண்டும். குழுவோ விடுப்புத் தரத் தயங்கியது. மாணவர் நலனுக்கென்று கல்லூரி கொடுத்த கைபேசியை அந்த ஆறு வாரமும் யார் வைத்திருப்பது என்பதே குழுவின் கேள்வி. மறுநாள் கூட்டத்தில் என் கருத்தைக் கேட்பார்கள். இளம் வயதில் உழைப்பதற்கு அஞ்சலாகாது என்பது அதுவரை என் கருத்து.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் அந்தக் கைபேசி நான்கு முறை ஒலித்தது. விடுதி, பேருந்துக் கட்டணச் சலுகை, காய்ச்சல், மீண்டும் விடுதி. ஒவ்வொன்றுக்கும் தேன்மொழி ஒரே குரலில் பதில் சொன்னார். மடியில் இட்லிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது.

"துபாய்ல டிரைவருக்கே வெள்ளிக்கிழமை லீவு மேடம்," என்றார் காதர். "உங்களுக்கு அதுவும் இல்ல போலயே?"

"எனக்கு வெள்ளிக்கிழமைதான் அண்ணே மனநல வகுப்பு. நல்லாத் தூங்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கேன்."

காதர் சிரித்தார். தேன்மொழி சிரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து என்னிடம், "நாளைக்கு என்ன சொல்லுவீங்க சார்?" என்றார்.

"கூட்டத்தில் சொல்வதைக் கூட்டத்தில் சொல்வேன்."

"அனுப்பலைன்னா வேலைய எழுதிக் கொடுத்துட்டுப் போயிருவேன் சார். கோவிச்சுக்கிட்டுச் சொல்லல. முடியல, அவ்வளவுதான்."

நான் சாலையைப் பார்த்தேன். இருபுறமும் வேலிக்கருவை, இடையிடையே கரிமூட்டப் புகை, பருத்தி எடுத்து முடிந்த கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

பரளச்சியில் அரை மணி நேரம் இருந்தோம். கவிதா தேன்மொழியின் தோளில் சாய்ந்து அழுதாள். படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று தேன்மொழி முன்பே எனக்குச் சொல்லியிருந்தார், நானும் பேசவில்லை. எழுந்தபோது கவிதாவின் அத்தை வாசல்வரை வந்தார்.

"இங்கிருந்து நேரா ஊருக்கா?"

"நரிக்குடிக்குப் போறோம். ஒரு பிள்ளையோட கல்யாண விசயம் பேசணும்."

அத்தை முகவாயில் கை வைத்தார். "துட்டி வீட்டுக்கு வந்துட்டுக் குளிக்காமயா கல்யாணம் பேசப் போறீக? நல்ல கூத்தா இருக்கே! இந்தா பெரியவுக கூட இருக்காகள்ல, அவுகளாச்சும் சொல்லலாம்ல?"

வரைபடத்தில் பரளச்சி முதலிலும் நரிக்குடி பிறகும் வருவது சரிதான். வழக்கத்தில் அது சரியல்ல. இந்தச் சீமையில் பிறந்த இருவருக்குமே அது தோன்றவில்லை. துக்க வீட்டின் தீட்டோடு பெண் பார்க்க வரும் வீட்டின் படியேறினால், அதன்பின் நாங்கள் என்ன பேசினாலும் அங்கே செவி கிடைக்காது.

திருச்சுழி தாண்டியதும் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடுவதைக் கண்டு காதர் வண்டியை நிறுத்தினார். தோட்டக்காரரின் மனைவி விவரம் கேட்டதும் தேன்மொழியைக் கையோடு அழைத்துக்கொண்டார். "வா தாயி. மறைவாத்தான் தொட்டி இருக்கு. மாத்திக்க என் சேலை தாரேன்." தேன்மொழி தயங்கித் தயங்கிக் கைபேசியை என்னிடம் நீட்டினார். "அஞ்சே நிமிசம் சார்."

"சார் குளிக்கலையா?" என்றார் காதர்.

முன்பின் அறியாதவர் தோட்டத்தில், சாலையோரத்தில், துண்டைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை. நரிக்குடியில் காரிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னேன்.

முதல் அழைப்பு உடனே வந்தது. "மேடம், மூணாவது மாடியில தண்ணி வரல!" நான் யார் என்பதைப் பதவியுடன் சொன்னேன். "சரிங்க அங்கிள், மேடம் வந்தா சொல்லிருங்க," என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிடம் அரை மணியாயிற்று. தேன்மொழி நீலச் சேலையில், ஈரத் தலையோடு வந்தார். "தண்ணிக்கடியில நின்னதும் நேரமே தெரியல சார்," என்றவர், கைபேசியைக் கேட்க மறந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

பதினொரு மணிக்கு நரிக்குடி. தேன்மொழி மட்டும் ரேவதியின் வீட்டுக்குள் போனார். பேச்சுக்கு நடுவே மணி ஒலிக்கக் கூடாது என்பதால், கைபேசி என்னிடமே இருந்தது. வேப்பமர நிழலில் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். இம்முறை ஒரு மாணவன்.

"மேடம் இல்லையா?"

"என்னிடம் சொல்லலாம்."

"உங்ககிட்டச் சொல்ல முடியாது சார்." குரல் உடைந்திருந்தது. இணைப்பு அறுந்தது.

நானே திரும்ப அழைத்தேன். எடுத்தான், பேசவில்லை. பல ஆண்டுகள் மேடையில் பேசிய எனக்கு அப்போது வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"சாப்பிட்டாயா?"

"...இல்ல சார். நேத்து மதியத்துலருந்து."

"அறையில் உடன் யார் இருக்கிறார்?"

"பிரண்டு இருக்கான்."

"அவனை அழைத்துக்கொண்டு போய்ச் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிடு. நான் காத்திருப்பேன்."

காத்திருந்தேன். கைபேசியைக் கீழே வைக்க இயலவில்லை. இருபது நிமிடம், அதற்கும் மேல். காதர் வாங்கிவந்த தேநீர் ஆறிப் போயிற்று. பிறகு மணி ஒலித்தது. "தயிர்சாதம் சாப்பிட்டேன் சார். சாயங்காலம் மேடம்கிட்டப் பேசுறேன்." அதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒரு மணி நேரத்துக்குப் பின் தேன்மொழி வெளியே வந்தார். ரேவதியின் தந்தை வாசலில் நின்று, "பரீட்சை முடியட்டும், பெறகு பாப்பம்னு அவுகளுக்குச் சொல்லிருதேன்," என்றார். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஒரு பருவம் கிடைத்தது.

மாணவனின் செய்தியைக் கேட்டதும் தேன்மொழி அவனிடம்தான் முதலில் பேசினார். பேசி முடித்துக் கைபேசியை இருக்கையில் வைத்தவர், திருச்சுழி வருமுன்பே உறங்கிப்போனார். தலை சன்னலில் மோதி மோதித் திரும்பியது. பள்ளங்களில் காதர் மெதுவாக ஓட்டினார். கைபேசியை நான் எட்டி எடுத்துக்கொண்டேன்.

இரண்டரை மணிக்கு அருப்புக்கோட்டை. இறங்கும்போது தேன்மொழி கைபேசிக்காகக் கை நீட்டினார்.

"நாளைக் கூட்டம்வரை என்னிடம் இருக்கட்டும். அந்தப் பையனிடம் மட்டும் சாயங்காலம் உங்கள் எண்ணிலிருந்து பேசிவிடுங்கள்."

"சார், ராத்திரி ரெண்டு மணிக்கும் வரும்."

"அந்த நேரத்தில் நான் விழித்துத்தான் இருப்பேன். கோயம்புத்தூருக்குப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டதா?"

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். பிறகு, "எடுக்கணும் சார்," என்றார்.

வீடு வந்ததும் முதலில் குளித்தேன். பிறகு கூடத்து நாற்காலியில் அமர்ந்தேன். ஓய்வு பெற்றபின் என் வீட்டுத் தொலைபேசி ஒலிப்பது அரிது; அந்த அமைதியை மதிப்பின் அடையாளமாகவே கருதிவந்திருக்கிறேன். உடல் முழுவதும் சாலையின் குலுக்கல் இன்னும் அடங்கவில்லை. கண்ணை மூடியதும் மேசைமேல் மணி ஒலித்தது.

"மேடம், மூணாவது மாடியில இன்னும் தண்ணி வரல."

"அங்கிள்தான் பேசுகிறேன்," என்றேன். "சொல்லம்மா."